கடலிலிருந்து வந்த சிரிப்பு

தூத்துக்குடியில் ஒரு கேபிள் சேனலில் நிகழ்ச்சிப் பொறுப்பாளர் நான். ஏழு மணி நகைச்சுவைத் தொடரை யாரும் பார்ப்பதில்லை என்று நினைத்து, இந்த வாரத்தோடு நிறுத்துவதாக அறிவித்தேன். மறுநாளே திரேஸ்புரத்து மீனவப் பெண்கள் திரண்டு வந்து ஆபீஸ் வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள்.

"நாலு வீட்டுக்காகத் தொடரை ஓட்ட முடியாதும்மா" என்றேன்.

"சாயங்காலம் எங்க வீட்டுக்கு வாங்க அண்ணாச்சி. பாத்துட்டு நிப்பாட்டுங்க" என்றார் ஜெசிந்தா என்ற பெண்.

போனேன். தொடர் தொடங்கியதும் ஜெசிந்தா வாக்கி டாக்கியின் பொத்தானை அழுத்தி, டிவிக்குப் பக்கத்தில் பிடித்தார். கடலில் வலை போட்டுக் காத்திருக்கும் கணவர் கேட்பதற்காம். எனக்கு வேடிக்கையாக இருந்தது. முதல் நகைச்சுவை முடிந்ததும் பொத்தானை விட்டார். கரகரப்போடு ஒரு சிரிப்பு வந்தது. அது ஓய்ந்ததும் வேறொரு வள்ளத்திலிருந்து இன்னொன்று. பிறகு இன்னும் தொலைவிலிருந்து ஒன்று.

"ஏளா, பொத்தான அமுக்கு. மிச்சத்தையும் கேக்கணும்லா" என்றது கணவரின் குரல்.

டிவியே இல்லாத அந்தக் கடலில் எத்தனை பேர் என் தொடருக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்களோ.

தொடர் நிற்கவில்லை. ஒவ்வொரு நகைச்சுவைக்குப் பிறகும் கொஞ்சம் இடைவெளி விடும்படி நடிகர்களிடம் சொல்லியிருக்கிறேன். கடலிலிருந்து சிரிப்பு கரைக்கு வந்து சேர வேண்டுமே.