பகலில் ஃபேன் யாருக்கு

காய்ச்சிய பாலின் வாசனையையும் பிள்ளைகளின் முகப்பவுடரையும் ஈரத்துணியையும் ஒன்றாகக் கலந்து வீடு முழுக்க வீசிக்கொண்டிருந்தது எங்கள் கூடத்து ஃபேன். அரியலூரில் நாங்கள் இருந்த ஓட்டு வீட்டுக்கு அது ஒன்றுதான் ஃபேன். அதன் கீழேதான் அம்மாவின் ‘புள்ளைங்க வூடு’ நடந்தது. வேலைக்குப் போகும் டீச்சர்களும் நர்சுகளும் காலையில் குழந்தைகளை விட்டுவிட்டுப் போய்ச் சாயங்காலம் வந்து தூக்கிக்கொள்வார்கள். சிமெண்ட் ஆலையில் ராத்திரி ஷிப்டு முடித்துப் புருவமெல்லாம் வெள்ளைப் பொடியோடு வரும் அப்பாவும், குளித்துவிட்டு அந்தப் பிள்ளைகளுக்கு நடுவில்தான் பாயைப் போடுவார். ஒன்று வயிற்றில் ஏறும், ஒன்று காதைப் பிடித்து இழுக்கும். மனுஷன் அசைய மாட்டார்.

நான் ஏழாவது படித்த வருஷம், பிள்ளைகளுக்கென்று தனியாக ஓர் அறை கட்ட அம்மா பேங்கில் கடன் கேட்டாள். வருமான வரிக் கணக்குக் கொடுத்துவிட்டு வரச் சொன்னார்கள். ஆடிட்டர் நல்ல மனிதர், பொறுமையாக விளக்கினார்.

“வூட்டுக்கும் புள்ளைங்களுக்கும் பொதுவா இருக்கிற சாமானெல்லாம் எதுக்கு எவ்வளவு ஆவுதுன்னு சொல்லுங்கம்மா. தொழிலுக்கு ஆவுற பங்கை மட்டும் செலவுல கழிச்சுக்கலாம். வரி குறையும்.”

ஃபிரிட்ஜில் பாதி, மிக்ஸியில் கால் என்று சொல்லிக்கொண்டே வந்த அம்மா, ஃபேனுக்கு மட்டும் யோசிக்கவே இல்லை. “பகல் பூரா புள்ளைங்களுக்கு, ராத்திரி எங்களுக்கு” என்றாள். அப்படியே எழுதி, கையெழுத்தும் போட்டாயிற்று.

அம்மாவுக்குக் கையெழுத்து என்றால் சூடம் அணைத்துச் செய்கிற சத்தியம் மாதிரி. மறுநாள் காலையில் அப்பாவின் பாய் காற்றே வராத உள்ளறைக்குப் போய்விட்டது.

“ஏ புள்ள, என் வூட்டு ஃபேனுக்குக் கீழ நான் படுக்கக் கூடாதா?”

“பகல்ல அது புள்ளைங்களுதுன்னு எழுதிக் குடுத்தாச்சுங்க. நீங்க படுத்தா பொய்யாயிடும்.”

“அடிப்போடி, கவர்மெண்டு வந்து எட்டிப் பாக்கவா போவுது?”

“சாமி பாக்குமில்ல?”

சாமிக்கு வேறு வேலையே இல்லையா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சித்திரை வெயில் ஓட்டில் இறங்க, அப்பா விசிறிமட்டையால் தனக்குத்தானே வீசிக்கொண்டு, கை ஓய்ந்ததும் விழித்துக்கொண்டு கிடந்தார். கண் சிவந்துபோயிற்று, சாப்பாடும் இறங்கவில்லை. அம்மாவுக்கு அதெல்லாம் தெரியாமல் இல்லை. ஆனாலும் பாய் உள்ளறையிலேயே கிடந்தது.

ஒரு நாள் காலையில் அப்பாவோடு வேலை பார்ப்பவர் ஒருவர் அவரைத் தோளோடு அணைத்துக் கூட்டிவந்தார். “மாப்ள நின்னுக்கிட்டே தூங்கிட்டாரு தங்கச்சி. நான் சட்டையப் புடிச்சு இழுக்கலன்னா கை மெசினுக்குள்ள போயிருக்கும்” என்றார். அப்பா, “அட, ஒண்ணுமில்ல” என்றார்.

அம்மா பிள்ளைகளைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒப்படைத்துவிட்டு, என்னையும் இழுத்துக்கொண்டு ஆடிட்டர் ஆபீசுக்கு நடந்தாள். விஷயத்தைக் கேட்டு அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

“ஏம்மா, அது கணக்குக்கு எழுதுறதும்மா. அவரு படுத்துக்கிட்டா யாரு கேக்கப் போறா?”

“வேணாம் சார். பகல்ல அவரும் படுக்குறாருன்னு எழுதுங்க. புள்ளைங்க பங்கைக் குறைச்சிடுங்க.”

“வரி கூடுமே?”

“கூடட்டும் சார். அவரு தூங்கட்டும்.”

ஆடிட்டர் சிரிப்பை நிறுத்திவிட்டு, இன்னும் அனுப்பாமல் வைத்திருந்த பழையதை அடித்துப் புதிதாக எழுதினார். வீட்டுக்கு வந்ததும் அம்மா பாயைக் கூடத்தில் விரித்தாள். அப்பா குறட்டை விட ஆரம்பித்த பிறகு அடுப்படிக்குப் போய் அழுதாள்.

அந்த வீடு இப்போது இல்லை. அப்பாவும் இல்லை. அவர் காதைப் பிடித்து இழுத்த பிள்ளைகள் எந்தெந்த ஊரிலோ இருக்கிறார்கள். நான் பெரம்பலூரில் வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறேன். இந்த வருஷக் கணக்கை எழுத வந்த பையன், “டியூஷன் ரூம் ஃபேன் முழுக்கத் தொழிலுக்குத்தானே மேடம்?” என்று கேட்டுக்கொண்டே எழுதப் போனான்.

“இல்ல தம்பி, பாதி போடுங்க” என்றேன். “மத்தியானம் எங்கம்மா அங்கதான் படுக்குறாங்க.”