கண்ணாடிக்குள் இருந்த ஆங்கிலம்

எங்கள் மாவட்டத்தில் வீரப் பதக்கம் பெற்ற ராணுவத்தினரின் வரலாற்றை எழுத அரசாங்கம் எனக்கு நிதியுதவி அளித்தது. ஓய்வுபெற்ற தமிழாசிரியனுக்கு அரசாணையில் தன் பெயரைப் பார்ப்பது சின்ன விஷயமா? அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு காரைக்கால் கடைத்தெரு முழுக்கச் சுற்றினேன். கேட்டவர்களுக்கும் காட்டினேன், கேட்காதவர்களுக்கும் காட்டினேன்.

முதலில் நெரவிக்குப் போனேன். எல்லைச் சண்டையில் இறந்த ஒரு ஹவில்தாரின் மனைவி அங்கே தனியாக இருந்தார். சுவரில் கணவரின் படம், பக்கத்தில் பதக்கம், கீழே கண்ணாடி போட்ட ஓர் ஆங்கிலத் தாள். பதக்கம் எதற்காகக் கொடுக்கப்பட்டது என்பது அதில் இருந்தது. அவருக்கு ஆங்கிலம் தெரியாது. படிக்கத் தெரிந்தவர்களெல்லாம், "பெருமையா எழுதியிருக்காங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். ஏன் என்று நான் யோசிக்கவில்லை.

"பொட்டியோட வந்த ஆபீசர் சொன்னாருங்க சார். ஒரு நொடிதானாம், வலியே தெரிஞ்சிருக்காதாம். அந்த ஒரு வார்த்தையிலதான் இத்தன வருஷமா எனக்கு சோறு எறங்குது" என்றார். பிறகு, "நீங்க தமிழ் வாத்தியாரு. அதுல உள்ளத அப்புடியே சொல்லுங்களேன்" என்றார்.

சொன்னேன். வரிக்கு வரி, நல்ல தமிழில், என் தமிழை நானே ரசித்தபடி. 'வயிற்றில் குண்டு பாய்ந்த பின்னும் காவல்நிலையை விட்டு விலகாது, நான்கு மணி நேரம் போரிட்டு, நண்பகலில் உயிர்நீத்தார்.' வாயை விட்டு வந்த பிறகுதான் அது என் காதிலேயே விழுந்தது. என் புத்தி எங்கே போயிருந்ததோ தெரியவில்லை. அவர், "காப்பி ஆறுது, குடிங்க சார்" என்றார்.

ஒரு மாதம் நெரவிப் பக்கமே தலைகாட்டவில்லை. வெட்கம். கடைசியில், எழுதியதற்குக் குடும்பத்தாரின் கையெழுத்து வேண்டும் என்று அலுவலகத்தில் கேட்டதால் போனேன்.

"அந்த வரிய எடுத்துடுறேம்மா" என்றேன்.

"வேணாம் சார். அவங்க பட்டதுதானே, இருக்கட்டும்." கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவைத் திருப்பிக் கொடுத்தார். "அவங்க போன அன்னைக்கு அம்பகரத்தூர்ல எங்க சித்தப்பா மவளுக்குக் கல்யாணம். ஒரு நொடின்னு இருந்தவரைக்கும், அந்த நொடியில நான் என்னத்த செஞ்சனோன்னு விட்டுட்டேன். இப்ப காலையிலேர்ந்து மத்தியானம் வரைக்கும்ல ஆயிடுச்சு. எல்லாம் ஞாபகம் வருது. பொண்ணுக்குப் பூ வச்சுவுட்டேன். பந்தியில எல போட்டேன். ரெண்டாவது பந்தியில நானும் ஒக்காந்து, பாயசத்த கேட்டு வாங்கி சாப்ட்டேன் சார். போட்டோகூட இருக்கு. வாயெல்லாம் பல்லா நிக்கிறேன்."