குட்டையில் எழுந்த மூன்று முதுகுகள்

போன வாரம் கொல்லிமலையில், குண்டூர் நாடு என்கிற மலைப்பகுதியில் ஒரு நண்பர் வீட்டில் தங்கியிருந்தேன். காலையில் மேட்டிலிருக்கும் ஊற்றுக் குட்டைக் கரையில் உட்கார்ந்து, போனில் கடல் பூதங்களைப் பற்றி ஒரு வீடியோ பார்த்தேன்.

கப்பலையே இழுத்து மூழ்கடித்ததாகச் சொன்ன பூதம், ராட்சதக் கணவாயாம். கடல் நாகம், ரிப்பன் மாதிரி நீளமான ஒரு மீனாம். மாலுமிகளை மயக்கிய கடல்கன்னி... சாதுவாகப் புல் மேயும் கடல்பசு!

இப்படியுமா பயந்தாங்கொள்ளிகள் இருப்பார்கள்? சிரித்து வாய் மூடவில்லை — தண்ணீரில் மூன்று கருத்த முதுகுகள் எழும்பின. நெளிந்தன. என்னை நோக்கி வந்தன.

ஓடியிருக்கலாம். எனக்குக் கால் இருப்பதே அப்போது ஞாபகமில்லை. கையில் சிக்கிய மூங்கிலால், கண்ணை மூடிக்கொண்டு நாலு போடு போட்டேன். பூதம் அடங்கியது.

பள்ளத்திலிருந்து ஒரு பெண் மூச்சு வாங்க ஏறி வந்தார். கீழே மிளகுக்கொடி வைத்திருக்கும் நல்லம்மா.

“ஏனுங்க, பைப்பை எதுக்குங்க அடிச்சீங்க?”

பைப்பா?

மேட்டுத் தண்ணீர் கருப்பு ஹோஸ் வழியாகத் தானாகக் கீழே இறங்கும் ஏற்பாடு. உள்ளே காற்று புகுந்தால் தண்ணீர் நின்றுவிடும், ஹோஸ் வளைந்து வளைந்து மேலே மிதக்கும். அவர் கீழேயிருந்து அதை இழுத்து உலுக்கியிருக்கிறார். நான் போட்ட போட்டில், அதன் வாய் தண்ணீருக்குள் கிடக்கக் கட்டியிருந்த கல்லும் கழன்றுவிட்டது. காலையில் நட்ட கன்றுகள்... வெயில் ஏறுவதற்குள் தண்ணீர் பாய்ச்சாவிட்டால் அத்தனையும் வாடிவிடும் என்றார். பாம்பென்று நினைத்துவிட்டதாக முனகினேன்.

“பாம்போ பைப்போ, எறங்கி அதோட வாயைப் புடிச்சுத் தண்ணிக்குள்ள அமுக்குங்க. நான் கீழ போயி உறிஞ்சறேன். விட்டுறாதீங்க சாமி.”

இடுப்பளவு தண்ணீரில் நின்று அமுக்கினேன். ஹோஸ் பொளக் பொளக்கென்று ஏப்பம் விட்டது. அந்த நேரம் பார்த்து, கால் கட்டைவிரலை ஏதோ கவ்வியது! நண்டா? வேறெதாவதா? யாரைக் கேட்பது? கையை விட்டால் கன்று போச்சு. விடாவிட்டால் விரல் போச்சு. அழுதுகொண்டே பிடித்திருந்தேன்.

“வந்துருச்சுங்க...” என்று கீழேயிருந்து குரல் வந்தது. அவ்வளவு இனிமையான குரலை நான் கேட்டதேயில்லை.

மத்தியானம் நொண்டியபடி டீக்கடைக்குப் போனேன். செய்தி எனக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது — வழியில் கொஞ்சம் வளர்ந்து.

“குட்டையில பாம்பைப் புடிச்சு அமுக்குனது நீங்கதானுங்களா? என்ன நீளமுங்க?” என்றார் மாஸ்டர், பயபக்தியோடு.

உண்மையைச் சொல்லியிருக்கலாம்தான்...

இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினேன். கை பத்தவில்லை.