தம்பி மனைவியின் முன்பல்

என் தம்பி தன் மனைவியை ஹெல்மெட்டால் அடித்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. மறுபடியும் கம்பெனி வேலைக்குப் போகிறேன் என்று அவள் சொன்னாள். அதற்கு அவன் சொன்ன பதில் அது. மேல்வரிசை முன்பல் ஒன்று சாய்வாகப் பாதி போய்விட்டது. அவளுடைய மூன்று வயதுப் பெண்குழந்தை அந்தத் துண்டைத் தரையிலிருந்து எடுத்து அம்மாவிடம் நீட்டியது. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்கு முதலில் வந்த நினைப்பு ஐயோ பாவம் என்பதல்ல. வெள்ளிக்கிழமை என் மகளுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் எதிரில் இவள் இந்தப் பல்லோடு போய் நின்றால் என்ன ஆவது என்றுதான் நினைத்தேன்.

நல்லவள் மாதிரி எழுத எனக்கு வராது. வீட்டுக்காரர் இறந்துபோன பிறகு மகளோடு பத்து வருஷமாகத் தம்பி வீட்டில்தான் இருக்கிறேன், பிள்ளையார்பாளையத்தில். அவன் பட்டுத்தறி நெய்கிறான். நான் புடவை முந்தானைக்குக் குஞ்சம் கட்டுகிறேன். அவன் முகம் கோணினால் நாங்கள் இரண்டு பேரும் தெருவில் நிற்க வேண்டும். மன்னிப்புக் கேட்டு இதைச் சொல்லவில்லை, இருந்த நிலைமை அது.

இரண்டு நாள் ஐஸ் வைத்து உதட்டு வீக்கத்தை வடிய வைத்தேன். வியாழக்கிழமை அவளை ஆட்டோவில் ஏற்றிப் பல் டாக்டரிடம் கூட்டிப் போனேன். சின்ன வயது டாக்டரம்மா. "எப்படிம்மா உடைஞ்சுது?" என்று அவளைப் பார்த்துக் கேட்டார். அவள் வாயெடுப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"நூலு கடிச்சிக்கினே இருப்பா டாக்டர். எத்தினி வாட்டி சொன்னாலும் கேக்க மாட்டா."

அவர் தலையாட்டி எழுதிக்கொண்டார். இந்த ஊரில் அதை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். தறி வீட்டில் கத்திரிக்கோலைத் தேடுவதற்குள் பல் வேலையை முடித்துவிடும். ஆனால் இவள் திருப்புட்குழிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். கல்யாணம் ஆகும்வரை கார் கம்பெனியில் ஒயர் மாட்டிக்கொண்டிருந்தாள். பட்டு நூலை வாயில் வைத்ததே கிடையாது.

பல்லுக்கு உறை மாதிரி மாட்டும் கேப் எல்லாம் வேண்டாம், போன பாதியை ஒட்டி நிரப்பும் பாண்டிங் செய்துவிடலாம், ஒரே தடவையில் முடிந்துவிடும் என்றார் டாக்டரம்மா. உடைந்த இடத்தில் ஏதோ நீல மருந்தைத் தடவிக் கழுவினார். பசை பூசினார். பிறகு பல் நிறத்தில் ஒரு மாவைக் கொஞ்சம் கொஞ்சமாக வைத்து, ஒவ்வொரு தடவையும் நீல வெளிச்சம் காட்டி இறுக வைத்தார். அதற்கு முன்னால் எந்த நிறம் என்று பார்க்க ஒரு அட்டையை அவள் பல்லருகே பிடித்தபோது, அவர் எடுத்தது சரியில்லை என்று நான் சொன்னேன். பட்டுக்குக் கலர் பார்த்துப் பார்த்துப் பழகிய கண். "அதுக்குப் பக்கத்துல இருக்குது பாருங்க, லேசா மஞ்சள் ஓடுறது, அதுதான்" என்றேன். டாக்டரம்மா வைத்துப் பார்த்துச் சிரித்தார். நான் சொன்னதுதான் பொருந்தியது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அவள் கண்ணோரத்திலிருந்து தண்ணீர் காதுக்கு வழிந்துகொண்டிருந்தது. வாய் வலிக்கிறது போல என்று துடைத்துவிட்டேன்.

நிச்சயதார்த்தம் ஒரு குறையுமில்லாமல் நடந்தது. போட்டோவில் அவள் பல் தெரியச் சிரித்திருக்கிறாள். சிரிக்கச் சொன்னதும் நான்தான்.

மூன்று மாதம் கழித்து அவன் மறுபடி அடித்தான். இந்தத் தடவை காயம் தெரியாமல் அடித்தான். அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நேராக மகளிர் ஸ்டேஷனுக்குப் போய்விட்டாள். அம்மா வீட்டுக்குப் போகணும், பிள்ளை தன்னோடு இருக்கணும், அவள் கேட்டது அவ்வளவுதான். எங்களைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். தெருப் பெரியவர்கள் இரண்டு பேர் கூட வந்தார்கள். கேஸ் ஆகிவிட்டால் மகள் கல்யாணம் நின்றுவிடும் என்று வழியெல்லாம் அவர்களிடம் சொல்லிக்கொண்டே போனேன்.

"ஹெல்மெட்டால அடிச்சிப் பல்ல ஒடச்சாரு மேடம்" என்றாள் அவள்.

எஸ்.ஐ. அவள் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். "பல்லு நல்லாத்தானே இருக்குது?"

"ஒட்டியிருக்குது மேடம்."

"உடைஞ்சப்போ போட்டோ எடுத்தியா?"

"ஃபோன அவரு பிடுங்கி வெச்சிக்கினாரு."

அன்றைக்கு டாக்டரம்மா எழுதிக் கொடுத்த சீட்டை நான் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். நூல் கடித்ததால் உடைந்தது என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. எஸ்.ஐ. அதை இரண்டு தடவை படித்தார். அவர் வெளியூர்க்காரர். "நூல் கடிச்சா பல்லு உடையுமா?" என்று என்னைக் கேட்டார்.

நான் வாயைத் திறந்து என் பல்லைக் காட்டினேன். என் முன்பல் ஓரத்தில் நூல் பட்டுப் பட்டு ஒரு சின்னப் பள்ளம் இருக்கிறது. "இருவது வருசமா கடிக்கிறேன் மேடம், பாருங்க. எங்க ஊட்டுப் பொம்பளைங்களுக்கு இது சகஜம்."

நூல் கடித்தால் பள்ளம்தான் விழும். அதுவும் வருஷக்கணக்கில். பாதிப் பல் சாய்வாகப் போகாது. எனக்குத் தெரியும், தம்பிக்குத் தெரியும், பக்கத்தில் நின்ற இரண்டு பெரியவர்களுக்கும் தெரியும். ஒருவர் மின்விசிறியைப் பார்த்தார். இன்னொருவர், "ஆமாம்மா, தறிக்காரங்க பல்லு அப்படித்தான்" என்றார்.

அவள் தம்பியைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். "நான் என்னைக்கு அண்ணி நூலு கடிச்சேன்?" என்றாள். பொய்ப் புகார் கொடுக்காதேம்மா, அனுசரித்துப் போ என்று எஸ்.ஐ. சொல்லி, சமாதானமாகப் போகிறோம் என்று எழுதி வாங்கி எங்களோடு அனுப்பினார்.

திரும்பும்போது ஆட்டோவில் அவள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். குழந்தை அவள் மடியில் தூங்கிவிட்டது. அழுவாள், என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சாதாரணமாகப் பேசினாள்.

"உங்க பொண்ணுக்குப் பல்லு ஒடஞ்சா சொல்லுங்கண்ணி. நானும் வந்து நூலுன்னு சொல்றேன்."

"வாய மூட்றி" என்று கத்தினேன். ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார்.

மகளுக்குக் கல்யாணம் முடிந்து ஆறு மாதம் ஆகிறது. மாப்பிள்ளை எப்படி என்று கேட்டால், "நல்லா இருக்காரும்மா" என்கிறாள். அதற்குமேல் கேட்டால் பேச்சை மாற்றுகிறாள். தினமும் வீடியோ காலில் பேசுகிறாள். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்குவதில்லை. "கைய எடுத்துட்டு சிரியேன்" என்று அதட்டுகிறேன். எடுக்கிறாள், பல் இருக்கிறது. நான் ஃபோனைக் கண்ணருகே கொண்டுபோகும்போது தம்பி மனைவி பக்கத்தில் வந்து அதைப் பிடித்துக்கொள்கிறாள். நான் எதைத் தேடுகிறேன் என்று அவளுக்குத் தெரியும். அவளும் அங்கேதான் பார்க்கிறாள்.