இரண்டே முக்கால் கிலோ அரிசி

லேப்டாப் வாங்குவதற்கு முன்னால் அதே எடைக்கு அரிசியைக் கட்டி ஒரு வாரம் சுமந்து பார்த்த குடும்பம் எங்களுடையது. இதைச் சொன்னால் என் அலுவலகத்தில் யாரும் நம்புவதில்லை. சுமந்தவள் என் அத்தை. அந்தச் சோதனையைக் கெடுத்தவள் நான். எனக்கு அப்போது ஒன்பது வயது.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. மயிலாப்பூரில் குளத்துக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு மாடிப் போர்ஷனில் எங்களோடுதான் இருந்தாள். அம்மாவுக்கு மருத்துவமனையில் ரத்தம் பரிசோதிக்கும் இடத்தில் ஷிப்டு வேலை. அதனால் எனக்குத் தலை பின்னுவது, டிபன் கட்டுவது, வீட்டுப்பாடத்தில் கையெழுத்துப் போடுவது எல்லாம் அத்தைதான். கையெழுத்தை அப்பாவுடையது மாதிரியே போடுவாள். வயது முப்பத்துநாலு. கல்யாணப் பேச்சு எடுத்து, ஓய்ந்து, அதைப் பற்றி யாரும் வாயே திறக்காத நிலைமைக்கு வீடு வந்து சேர்ந்திருந்தது.

ஆனால் அவள் பார்த்தது கல்யாண வேலை. வடபழனியில் ஒரு ஸ்டுடியோவில் கல்யாண ஆல்பம் வடிவமைத்தாள். பள்ளி விடுமுறை நாட்களில் என்னையும் அழைத்துப் போவாள். ஏசி குளிருக்கு அவளுடைய துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு பக்கத்து நாற்காலியில் பாதித் தூக்கத்தில் கிடப்பேன். சைதாப்பேட்டை மண்டபத்தில் வியர்த்து வழிந்த மாப்பிள்ளையும் பெண்ணும், அத்தை விரலை அசைத்ததும் பனிமலைக்கு நடுவே நிற்பார்கள். பின்னால் அருவி ஒன்று சத்தமில்லாமல் கொட்டும். இரண்டு அன்னங்கள் எங்கிருந்தோ வந்து சேரும். நிலாவை இழுத்து அவர்கள் தலைக்கு மேலே வைப்பாள். கொஞ்சம் யோசித்து இடது பக்கம் தள்ளுவாள். நான் கண்ணை மூடினாலும் அந்த நிலா நகர்ந்துகொண்டே இருக்கும். கல்யாணம் ஆனவர்கள் எல்லாரும் அந்த மலைக்குப் போய்த்தான் குடியிருக்கிறார்கள் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்த ஸ்டுடியோவில் படம் எடுத்துக்கொண்டிருந்தவர் தனியாகத் தொழில் தொடங்கினார். வெளியூர்க் கல்யாணங்களைப் பிடிப்பதுதான் அவர் திட்டம். அத்தையையும் கூட்டுச் சேரக் கூப்பிட்டார். நான் பக்கத்து நாற்காலியில் தூங்குவதாக நினைத்து இருவரும் பேசினார்கள்.

“ஒரு லேப்டாப் மட்டும் வாங்கிக்கினு வந்துடுங்க மேடம். மண்டபத்துலயே குந்திக்கினு ஆல்பத்த முடிச்சி, பொண்ணு மாப்ள கெளம்பறதுக்குள்ள கைல குட்த்துடலாம். மதுரை, கும்பகோணம், நாகர்கோயில்னு ஊரையே சுத்தலாம். இன்னா சொல்றீங்க?”

“பாக்கறேன் சார்” என்றாள் அத்தை.

அன்று திரும்பி வரும்போது பஸ் கோடம்பாக்கம் பாலத்தில் நின்று நின்று ஏறியது. வழக்கமாக நெரிசலில் எரிந்து விழுகிற அத்தை, ஜன்னலில் கன்னத்தை வைத்துக்கொண்டு கீழே போகும் ரயில்களைப் பார்த்துச் சிரித்தாள். முகூர்த்த மாதங்களில் பாதி நாள் அவள் வீட்டில் இருக்க மாட்டாள் என்பது எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. அவள் மடியில் படுத்துக்கொண்டு, வாந்தி வருகிறது என்று பொய் சொன்னேன்.

அப்பா ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. எதற்கும் வேண்டாம் என்று சொல்கிற ஆளில்லை. வாய்தா போடுவார். அத்தை விஷயத்தைச் சொன்னதும், கோர்ட்டுக்கு எழுதுகிற நீளத் தாளை எடுத்து நடுவில் கோடு கிழித்தார். போட்டியில் இரண்டு லேப்டாப்புகள் இருந்தன. ஒன்றுக்குப் பதினேழு அங்குலத் திரை, இன்னொன்றுக்குப் பதின்மூன்று. விலை இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான், எங்களைப் போலவே நடுத்தரம்.

பெரிய திரையின் தரப்பில் அப்பா இப்படி எழுதினார்: ஆல்பத்தின் இரு பக்கங்களும் ஒருசேர முழுமையாகத் தெரியும். கண்ணுக்கு உபத்திரவம் இல்லை. எண்களுக்குத் தனிப் பொத்தான்கள் உண்டு. குடும்பத்தார் அனைவரும் அமர்ந்து கிரிக்கெட் காணலாம். எதிர்த் தரப்பில், எடை இரண்டே முக்கால் கிலோ, இரண்டு மணி நேரத்தில் சார்ஜ் இறங்கிவிடும், எந்தப் பையிலும் அடங்காது. சின்னது லேசு, கைப்பையில் போட்டுக்கொண்டு போய்விடலாம். ஆனால் அதில் பெண்ணைப் பெரிதாக்கினால் மாப்பிள்ளை திரையை விட்டு வெளியே போய்விடுவார். நடுநிலையோடு எழுதுவதாகத்தான் அப்பா சொல்லிக்கொண்டார். ஆனாலும் பெரிய திரையின் நன்மைகள் மட்டும் கையெழுத்துப் போட்டிக்கு எழுதியது போல அழகாக இருந்தன. கடைசியில் ஒரு வரி சேர்த்தார்: வீட்டிலிருந்தபடியே வேலை பார்க்க உகந்தது.

“ஊர் ஊரா போறதும் வேலைதானேண்ணா?” என்றாள் அத்தை.

“நான் வேணாம்னா சொன்னேன்? எல்லாத்தையும் யோசிச்சுப் பாருன்னேன்” என்றார் அப்பா.

திரை எவ்வளவு பெரிது என்று பார்க்க, அட்டைப்பெட்டியை வெட்டி ஒரு மாதிரி செய்தார். திரையை மூலைக்கு மூலை அளப்பார்கள் என்பது அவருக்குத் தெரியாது. அகலத்திலேயே பதினேழு அங்குலம் வைத்து வெட்டியதால் அது முறுக்குத் தட்டு அளவுக்கு வந்துவிட்டது. அதை எனக்கே கொடுத்துவிட்டார்கள். நான் ஸ்கெட்ச் பேனாவால் பொத்தான்கள் வரைந்து, மத்தியான வெயில் விழும் ஜன்னலோரம் மடியில் வைத்துக்கொண்டு உட்காருவேன். வெறும் பழுப்பு அட்டைதான். அதில் அத்தை ரயிலில் போவது தெரியும். எத்தனை பொத்தானை அமுக்கினாலும் ரயில் நிற்காது. அழுகை வரும்போது அட்டையை மூடி வைத்துவிடுவேன்.

அரிசி யோசனை அத்தையுடையது. பெரிய திரை அவளுக்கும் பிடித்துத்தான் இருந்தது. அதையே தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போக முடியுமானால் பிரச்சினையே இல்லையே. தெருமுனைக் கடையில் இரண்டே முக்கால் கிலோ அரிசி நிறுத்து வாங்கி, துணிப்பையில் கட்டி, தன் தோள்பையில் போட்டுக்கொண்டாள். ஒரு வாரம் இதோடு வடபழனிக்குப் போய் வந்து பார்ப்பது, முடிந்தால் பெரியது, முடியாவிட்டால் சின்னது என்று சொன்னாள். முதல் நாள் சாயங்காலம் தோளில் பட்டை சிவந்திருந்தது. அம்மா தைலம் தேய்த்துவிட்டாள்.

எனக்குப் பகீரென்றது. இப்படியே போனால் சின்னதை வாங்கிவிடுவாள், சின்னதை வாங்கினால் போய்விடுவாள். பெரியதை எப்படியாவது வாங்க வைத்துவிட்டால், அப்புறம் தூக்க முடியாமல் வீட்டோடு இருந்துவிடுவாள் என்று கணக்குப் போட்டேன். ஒன்பது வயதில் அது மகா தந்திரமாகத் தெரிந்தது. மறுநாள் காலை அத்தை குளிக்கப் போனதும் பையை அவிழ்த்து, அரை டம்ளர் அரிசியை எடுத்து அரிசி டிரம்மில் போட்டுவிட்டேன். அடுத்த நாளும் அரை டம்ளர். தினமும் முடிச்சை அவள் போட்ட மாதிரியே போட்டுவைப்பேன்.

வெள்ளிக்கிழமை அத்தை படியை வேகமாக ஏறி வந்தாள். “பழகிப்போச்சுண்ணா. பையில ஒண்ணும் இல்லாத மாதிரி இருக்கு” என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். இந்த மாதம் அரிசி நன்றாக வருகிறது என்று அம்மாவுக்கும் சந்தோஷம். நான் மட்டும் சரியாகச் சாப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தி.நகரில் ஒரு பெரிய கடைக்கு நானும் அத்தையும் போனோம். அப்பாவுக்கு வக்கீல் வீட்டில் வேலை இருந்தது. “நீயே பாத்து எடும்மா” என்று சொல்லியிருந்தார். சோதனையின் கடைசி நாள் என்பதால் அரிசிப் பையும் தோளில் வந்தது. கடையின் ஒரு சுவர் முழுக்க டிவிக்கள். எல்லாவற்றிலும் ஒரே நீலக் கடல், ஒரே மஞ்சள் மீன். அந்த மீன் திரும்பினால் முப்பது டிவியிலும் மீன் திரும்பியது. நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.

அத்தை பெரிய லேப்டாப்பை ஒரு கையால் தூக்கினாள். கை சட்டென்று தாழ்ந்தது. தோள்பையைக் கழற்றி மறு கையில் பிடித்துக்கொண்டாள். இரண்டையும் ஏந்திக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள்.

“இன்னா மேடம், தூக்கித் தூக்கிப் பாக்கறீங்க?” என்றான் கடைப் பையன்.

“இது எவ்ளோ வெயிட்?”

“ரெண்டே முக்கா கிலோ மேடம். அட்டைல போட்டுகீது பாருங்க.”

அத்தை லேப்டாப்பைக் கீழே வைத்தாள். துணிப்பையை அவிழ்த்து உள்ளே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் மீன்களைப் பார்த்தேன். மீன்கள் கலங்கி, கடல் கலங்கி, முப்பது டிவியும் ஒன்றாகக் கரைந்தன.

“தினமுமா?” என்றாள்.

தலையாட்டினேன். அடி விழும் என்று கன்னத்தை இறுக்கிக்கொண்டேன். அவள் குனிந்து துப்பட்டாவால் என் முகத்தைத் துடைத்தாள், மூக்கையும் சேர்த்து. பக்கத்தில் அந்தச் சின்ன லேப்டாப் திறந்திருந்தது. அதன்மேல் விரலை வைத்து, விளிம்பை ஒருமுறை தடவிவிட்டு எடுத்துக்கொண்டாள்.

“பெரிசே பில் போடுங்க தம்பி.”

வீட்டில் அப்பாவிடம், “ரெண்டு பக்கமும் முழுசா தெரியுதுண்ணா” என்றாள். நான் செய்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை. திரை பெரிதாக இருந்ததால்தான் வாங்கினாள் என்று அப்பா நம்பினார். நானும் நம்பினேன். எனக்கு வேண்டியதும் அதுதான்.

அடுத்த வாரம் அந்தப் படக்காரர் எங்கள் வீட்டுக்கு வந்தார். வேலை நாளில் இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, தலை படிய வாரியிருந்தார், கையில் ஆப்பிள் பை. அம்மா காபி கொடுத்தாள். அப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். லேப்டாப் சாப்பாட்டு மேஜையில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது.

“ஸ்கிரீன் சூப்பரா கீது மேடம்” என்று சொல்லி, அதைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார். “கனம்தான் கொஞ்சம் ஜாஸ்தி.”

“ஆமா சார். தூக்கிட்டு வர முடியாது” என்றாள் அத்தை.

“அதுக்கின்னா மேடம்? நான் தூக்கிக்கினு வரேன்” என்றார் அவர். சத்தமாகத்தான் ஆரம்பித்தார். முடிக்கும்போது குரல் இறங்கிவிட்டது. “எங்க போனாலும் நானே தூக்கிக்கினு வரேன்.”

எனக்குத் திக்கென்றது. என் தந்திரத்தை ஒரே வார்த்தையில் முறியடித்துவிட்டாரே என்று அத்தையின் முகத்தையே பார்த்தேன். அவள் மேஜையில் இருந்த லேப்டாப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா சமையலறை வாசலில் அசையாமல் நின்றாள். அப்பா காலி டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். நான் போய் அத்தையின் விரல்களைப் பிடித்துக்கொண்டேன்.

“வேணாம் சார்” என்றாள்.

அவர் எனக்கு ஓர் ஆப்பிளை எடுத்துக் கொடுத்துவிட்டுப் படியிறங்கிப் போனார். நான் நிம்மதியாக அதைக் கடித்தேன். ஒரு லேப்டாப்பைத் தூக்கி வருகிறேன் என்றுதானே சொன்னார், அதற்கு ஏன் அத்தை அத்தனை நேரம் யோசித்தாள், ஏன் அவர் போன பிறகும் படியையே பார்த்துக்கொண்டு நின்றாள் என்பது மட்டும் எனக்கு விளங்கவில்லை.