ஃபிளெக்ஸ் கடையில் கறுப்படித்த கண்

போன ஞாயிற்றுக்கிழமை வத்திராயிருப்பில் ஒரு காதுகுத்து. எல்லோரும் பந்திக்குப் போக, நான் மட்டும் வாசல் ஃபிளெக்ஸை முறைத்துக்கொண்டு நின்றேன். அதற்குப் பின்னால் ஒரு சங்கதி இருக்கிறது.

ஆறு மாதத்துக்கு முன்பு ராஜபாளையத்தில் ஒரு ஃபிளெக்ஸ் கடைக்குப் போயிருந்தேன். எங்கள் தெரு விழா போர்டில் முக்கியஸ்தர் யார் படத்தையாவது விட்டிருப்பார்களோ என்று சந்தேகம். மனைவி என்னை 'சந்தேகப் பிராணி' என்பாள். மறுப்பதில்லை.

கம்ப்யூட்டரில் வேறொரு படம். காதுகுத்துக்கு ஃபிளெக்ஸ் போட வந்த ஒன்றரை வயதுப் பெண் குழந்தை. வலது கண்மணி கறுப்பு. இடது கண்மணி – பால் வெள்ளை. டிசைனர் அதன்மேல் கறுப்பு பூசிக்கொண்டிருந்தார். ஃபிளெக்ஸில் நம் ஊரில் யாருக்கும் நரை கிடையாது, பரு கிடையாது. வெள்ளைக் கண் மட்டும் இருக்கலாமா?

"ஃபிளாஷ் அடிச்சா இப்பிடித்தான் சார் வருது. கறுப்ப வச்சு அடைச்சிட்டாத் தெரியாது."

ஃபிளாஷ் இரண்டு கண்ணிலும்தானே அடித்திருக்கும்? மற்றப் படங்களைக் காட்டச் சொன்னேன். ஆறு படம். ஆறிலும் இடது கண்ணில் மட்டும் அதே வெள்ளை.

குழந்தையோடு அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். ராணுவத்திலிருந்து லீவில் வந்தவர். மெதுவாகக் கேட்டேன். பூனைக்கண், வீட்டுக்கு யோகம் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்களாம். டாக்டரிடம் காட்டலாமே என்றதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சார் எந்த ஆஸ்பத்திரிக்கு ஆள் பிடிக்கிய?"

என்னை மிஞ்சிய சந்தேகப் பிராணி! கோபம் வந்தது. ஆனால் அவர் இடத்தில் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன். வாதாடாமல், குழந்தையின் ஒரு கண்ணை மூடி பிஸ்கட்டைக் காட்டச் சொன்னேன். இடது கண்ணை மூடினார். பாய்ந்து பிடுங்கினாள். வலது கண்ணை மூடினார். கையைத் தள்ளிவிட்டு அழுதாள். மறுபடி மூடினார். மறுபடியும் அழுகை. பிஸ்கட் அவள் மூக்குக்கு நேரே இருந்தது.

அன்றைக்கே ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கண் டாக்டர். நானும் கூடவே போனேன். சொட்டு மருந்து விட்டு, கண்மணியை விரித்து உள்ளே பார்த்தார். வெள்ளை தெரிந்தாலே புற்று என்றில்லை, ஆனால் இது தள்ளிப்போடுகிற விஷயமும் இல்லை என்று மதுரைக்குக் கடிதம் கொடுத்தார்.

மதுரையில் மயக்கம் கொடுத்துப் பார்த்தார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். விழித்திரையில் புற்றுநோய். முன்பே வந்திருந்தால் மருந்து, லேசர் என்று கண்ணைக் காப்பாற்றப் பார்த்திருக்கலாமாம். இப்போது கண் முழுக்கக் கட்டி. வெளியே பரவினால் உயிருக்கே ஆபத்து, கண்ணை எடுத்துவிட வேண்டும் என்றார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு அப்பா எனக்கு போன் செய்தார்.

"கண்ணு போனாப் போகட்டும் சார். எம்புள்ள இருந்தாப் போதும்."

போனை வைத்துவிட்டு அழுதேன்.

நல்லவேளை, பரவவில்லை. பிழைத்துக்கொண்டாள். இப்போது செயற்கைக் கண். தள்ளிப்போன காதுகுத்துதான் போன ஞாயிறு நடந்தது. புது ஃபிளெக்ஸ், ஃபிளாஷ் போட்டு எடுத்த படம். எங்கேயும் கை வைக்கக் கூடாதென்று டிசைனரிடம் அப்பா கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்.

அவரே வந்து என் பக்கத்தில் நின்றார். "செயற்கைக் கண்ணு தெரியுதா சார்?"

அதை நான் பார்க்கவே இல்லை. இன்னொரு கண்ணிலும் வரலாம், வருடக்கணக்கில் பரிசோதிக்க வேண்டும் என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்களே...

நான் பார்த்துக்கொண்டிருந்தது வலது கண்ணை.