கண்ணாடி போட்ட முகம்

எங்கள் வட்டாரத்துச் சனசமூக நிலையத்தில் சனிக்கிழமைகளில் படம் கீறப் பழக்குகிறார்கள் என்று கேள்விப்பட்டபோது, எனக்குப் படத்தில் பெரிய ஆசை ஒன்றும் இருக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் நான் கீறிய மாம்பழத்தைப் பார்த்து ஆசிரியை, "இது என்ன, முட்டையோ?" என்று கேட்டிருக்கிறார். வாரத்தில் இரண்டு மணித்தியாலம் வீட்டை விட்டு வெளியே இருக்கலாம் என்ற ஒன்றுக்காகத்தான் போனேன்.

நான் நெடுந்தீவில் பிறந்தவள் அல்ல. எழுபதுகளின் தொடக்கத்தில் சுருவிலில் இருந்து கலியாணம் முடித்து அங்கே போனவள். கலியாணமாகி ஐந்தாம் மாதம் என் கணவர் வெளிநாட்டுக் கப்பல் ஒன்றில் வேலைக்குப் போனார். முதல் இரண்டு வருடம் கடிதம் வந்தது. பிறகு குறைந்தது. பிறகு அடியோடு நின்றது. கப்பல் கொம்பனிக்கு எழுதிப் போட்டோம். ஆள் ஒரு துறைமுகத்தில் இறங்கிப் போனவர், திரும்பி ஏறவில்லை என்று இரண்டு வரியில் பதில் வந்தது. அவர் உயிரோடு இருக்கிறாரா, இருந்தால் வருவாரா என்ற கேள்வியோடு எழும்பி, அதே கேள்வியோடு படுத்தேன். வகுப்புக்குப் போகத் தொடங்கியபோது கடிதம் நின்று நாலு வருடம் ஆகியிருந்தது.

வீட்டில் நானும் அவருடைய தாயும்தான். மாமியார் கொடுமை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மாமி என்னை ஒரு நாளும் ஏசியதில்லை. ஏசியிருந்தால்கூட நல்லது, வீட்டில் ஒரு சத்தமாவது இருந்திருக்கும். "மாடு கறந்தாச்சோ?" என்பார். "ஓம் மாமி" என்பேன். அதோடு அன்றைய பேச்சு முடிந்துவிடும். மாதம் ஒரு தடவை புங்குடுதீவில் இருக்கும் தங்கையைப் பார்க்கப் படகேறிப் போவார், அடுத்த நாள் திரும்பி வருவார். அந்த ஒரு நாளில் நான் மாட்டோடு கதைப்பேன்.

வெளியே இறங்கினால் வேறு தொல்லை. கிணற்றடி, கோயிலடி, கூட்டுறவுச் சங்கக்கடை, எங்கே நின்றாலும் "என்ன, கடிதம் கிடிதம் வந்ததோ?" என்ற கேள்விதான். கேட்பவர்கள் நல்ல மனதோடுதான் கேட்டார்கள். ஆனால் ஒரே இடத்தில் நாலு வருடம் குத்தினால், நல்ல மனதோடு குத்தினாலும் நோகத்தான் செய்யும். வகுப்பில் அந்தக் கேள்வி இல்லை. அங்கே எல்லோரும் தாளைப் பார்த்துக் குனிந்துகொண்டிருந்தார்கள்.

ஆறு பேர் படித்தோம். கலியாணத்துக்குக் காத்திருந்த மூன்று பெண்கள், சங்கக்கடை மனேச்சர், தெற்குக் கரையைச் சேர்ந்த கத்தோலிக்க மீன்பிடிகாரர் ஒருவர், நான். பழக்கியவர் பள்ளிக்கூடத்துச் சித்திர மாஸ்டர். யாழ்ப்பாணப் பட்டினத்துக்காரர், என் வயதுதான் இருக்கும். நெடுந்தீவுக்குக் கிடைத்த இடமாற்றத்தைத் தண்டனையாகவே எடுத்துக்கொண்டிருந்தார். சோளகம் என்ற தென்மேற்குக் காற்றில் படகு ஓடாமல் சனி ஞாயிறில் ஊருக்குப் போக முடியாத கோபத்தில்தான் வகுப்பையே தொடங்கினார் என்று மனேச்சர் சொல்லிச் சிரிப்பார்.

பத்திரிகை வாசிக்கும் நீளமான வாங்குகளை ஒதுக்கிவிட்டு, நடுவில் ஒரு கதிரையை வைத்து, அதில் தேத்தண்ணிக்குத் தண்ணீர் கொதிக்க வைக்கும் கரி பிடித்த கேத்தல் ஒன்றை மாஸ்டர் வைத்தார். ஆறு கிழமை அந்தக் கேத்தலையே கீறினோம். பெண் பார்க்கப் போனவர்கள் பெண்ணைப் பார்ப்பதுபோல அதை எல்லாப் பக்கத்தாலும் பார்த்தாயிற்று. மீன்பிடிகார அண்ணை மட்டும் இரண்டாம் கிழமையோடு கேத்தலைக் கைவிட்டு வள்ளம் கீறத் தொடங்கிவிட்டார். மாஸ்டர் கண்டும் காணாத மாதிரி விட்டுவிட்டார்.

எனக்குக் கை திருந்தியதோ என்னவோ, மனம் கொஞ்சம் இருப்புக்கு வந்தது. பக்கத்தில் ஒரு மனிதர் மூச்சு விடும் சத்தமும் பென்சில் உரசும் சத்தமும் கேட்டுக்கொண்டு இருப்பதே எனக்குப் போதுமாக இருந்தது. ஐந்து மணிக்கு மாஸ்டர் கேத்தலைத் தூக்கினால் எனக்குத் திக்கென்றிருக்கும்.

மழைக்காலம் முடிய மாஸ்டர் கட்டம் போட்டுப் பெருப்பிக்கும் முறையைப் பழக்கினார். சின்னப் படத்தின் மேல் மெல்லிய கோடுகளால் சிறு கட்டங்கள். பெரிய தாளில் அதே எண்ணிக்கையில் பெரிய கட்டங்கள். ஒரு கட்டத்தில் உள்ளதை மட்டும் பார்த்து மற்றக் கட்டத்தில் கீற வேண்டும். மற்றவர்கள் கலண்டரில் இருந்தும் சஞ்சிகையில் இருந்தும் படம் கொண்டுவந்தார்கள். நான் கணவரின் பாஸ்போர்ட் படத்தைக் கொண்டுபோனேன். கப்பலுக்காக எடுத்த நாலில் ஒன்று மிஞ்சி என்னிடம் இருந்தது.

"முகத்தைப் பாராதேயும். கட்டத்தை மட்டும் பாரும். முகத்தைப் பாத்தீரெண்டால் உம்முடைய மனதிலை இருக்கிறதைத்தான் கீறுவீர்," என்றார் மாஸ்டர்.

என் மனதில் என்ன இருந்தது? ஐந்து மாதம் கூட இருந்த ஒருவரின் முகம். அதில் பாதி எனக்கு மறந்தே போயிருந்தது. மற்றக் கட்டங்களைக் கடதாசித் துண்டால் மூடிவிட்டு ஒரு சனிக்கிழமை ஒரு காது, அடுத்த சனிக்கிழமை அரை உதடு என்று கீறினேன். இடது புருவத்துக்குள் சின்னத் தழும்பு ஒன்று இருந்ததை அப்போதுதான் கண்டேன். மனைவியாக இருந்த நாட்களில் அதைக் கண்டதாக நினைவில்லை. அன்று எனக்கு அவர் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஒரு மனிதர் தன் முகத்தைக்கூட ஒழுங்காகப் பார்க்க விடாமல் போகலாமா?

தாளை வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. மாமி கண்டால் அழுவார் என்று நினைத்து, நிலையத்து அலுமாரியிலேயே பூட்டி வைத்தேன்.

ஆனி மாதம் மாஸ்டர் கண்காட்சி வைக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். நிலையத்துக்கு வெள்ளை அடித்தோம். கயிறு கட்டி, துணி காயப்போடும் கவ்வியால் படங்களைத் தொங்கவிட்டோம். சோளகக் காற்று ஒரு யன்னலால் வந்து மற்ற யன்னலால் போகும்போது அத்தனை படமும் எழும்பிப் படபடத்தன. என் படம் கரிப் பென்சிலால் கீறியது. தாள் உரசினால் அழிந்துவிடும். அதனால் மாஸ்டர் பட்டினத்தில் இருந்து ஒரு சட்டமும் கண்ணாடியும் சாரத்தில் சுற்றிக் கொண்டுவந்து, என் கணவரை அதற்குள் போட்டு, வாசலுக்கு நேரே சுவரில் மாட்டினார்.

வள்ளப் படங்களைக் கட்டிக்கொண்டு நின்ற மீன்பிடிகார அண்ணை திரும்பிப் பார்த்தார்.

"தங்கச்சி, கண்ணாடி வேண்டாம். கழட்டச் சொல்லும்."

"ஏன், என்ன பிழை?" என்று மாஸ்டர் கேட்டார்.

அண்ணை என்னைப் பார்த்தார், நான் நிலத்தைப் பார்த்தேன். பட்டினத்து மாஸ்டருக்கு விளங்காதது எனக்கு நன்றாக விளங்கியது. எங்கள் தீவுகளில் உயிரோடு இருக்கிறவருடைய படம் பெட்டிக்குள்ளே, புத்தகத்துக்குள்ளே இருக்கும். மிஞ்சினால் கலியாணப் படம் சோடியாகச் சுவரில் தொங்கும். ஒருவர் தனியாக, தோளுக்கு மேலே, நேரே பார்த்தபடி, பெருப்பித்துக் கண்ணாடி போட்டுச் சுவரில் ஏறினால், அவர் செத்து அந்தியேட்டிச் சடங்கும் முடிந்துவிட்டது என்று அர்த்தம். இது நான் அறியாத விசயமல்ல. இருந்தும் கழற்றச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கண்ணாடிக்குள் அந்த முகம் அவ்வளவு வடிவாக இருந்தது. நான் செய்த ஒரு காரியத்தை யாரோ மதித்துச் சட்டம் போட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

"இருக்கட்டும் அண்ணை," என்றேன்.

கண்காட்சி காலையில் தொடங்கியது. நிறைகுடம் வைத்து, தலைவர் பேசி, பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வந்து போனார்கள். மீனவர்கள் அண்ணையின் வள்ளங்களுக்கு முன்னால் நின்று கயிறு கயிறாகச் சரிபார்த்தார்கள். ஒரு பெண் தான் கீறிய மாட்டின் தொடையில் சூட்டுக்குறி ஒன்றும் கீறியிருந்தாள். அது யாருடைய குறி, மாடு யாருடையது என்று இரண்டு பேர் உண்மையாகவே சண்டைக்குப் போய்விட்டார்கள். நானும் சிரித்தேன்.

பத்து மணிபோல ஒரு வயதான பெண் என் படத்துக்கு முன்னால் வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு நின்றார். அடுத்து வந்த கத்தோலிக்கப் பெண் நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டார். யாரோ இரண்டு நந்தியாவட்டைப் பூவைச் சட்டத்துக்கு மேலே செருகினார்கள். ஒன்று காற்றில் விழுந்தது. அதை எடுத்து இன்னொருவர் செருகினார். பிறகு ஒவ்வொருவராக என்னிடம் வந்து கையைப் பிடித்தார்கள். "எப்பவாம் செய்தி வந்தது?" என்று கேட்டார்கள். ஒருத்தி என் நெற்றியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பொட்டு வைச்சிருக்கிறாய், பிள்ளை," என்றாள் மெதுவாக.

"அவர் இருக்கிறார்," என்றேன்.

"கடிதம் வந்ததோ?"

அதற்கு என்ன சொல்வது? வரவில்லை என்றேன். அவள் என் முதுகைத் தடவிவிட்டு, அழுதுகொண்டு போனாள்.

இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதத்தான் வேண்டும். அந்தப் பெண்கள் என் கையைப் பிடித்தபோது எனக்கு ஆறுதலாக இருந்தது. நாலு வருடமாக என்னைத் தொட்டுக் கதைத்தவர்கள் இல்லை. காத்திருக்கிறவளுக்கு யாரும் சோறு கொண்டுவந்து தருவதில்லை, பக்கத்தில் வந்து இருப்பதுமில்லை. அவர் செத்துப் போயிருந்தால் எவ்வளவு லேசாக இருக்கும் என்று ஒரு கணம் நினைத்தேன். நினைத்துவிட்டு, பூவைப் பிடுங்கி எறியப் போனேன். கை வரவில்லை.

செய்தி மாமிக்குப் போகாமல் இருக்குமா? வெயில் தாழும் நேரத்தில் மாமி வந்தார். வாசலில் நின்ற சனம் விலகி வழிவிட்டது. இனி ஒப்பாரிதான் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள். நானும் நினைத்தேன். ஓடிப்போய், "மாமி, இது சும்மா படம். கண்காட்சிக்குக் கீறினனான். வேறை ஒண்டும் இல்லை," என்றேன்.

மாமி அழவில்லை. படத்துக்குக் கிட்டப் போய் நின்று, பூவையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து நிலத்தில் போட்டார். பிறகு மகனைப் பார்த்தார். அப்படி நிறைந்த முகத்தோடு மாமியை நான் அதற்கு முன் கண்டதில்லை. கண்ணாடிக்கு மேலே, நெற்றி இருக்கும் இடத்தில், விரலை வைத்தார்.

"நல்லாத்தான் கீறியிருக்கிறாய், பிள்ளை. தலைமயிர்தான் கூடிப் போச்சு. அவனுக்கு இப்ப முன்னுக்கு எல்லாம் கொட்டுண்டு போச்செல்லோ."

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னார் என்பது அவருக்கே தெரிந்தது. விரலைக் கண்ணாடியில் இருந்து எடுத்தார். என் பக்கம் திரும்பவேயில்லை. கப்பலுக்குப் போகும்போது என் கணவரின் தலை அடர்ந்த சுருட்டை. மாமி அவரைக் கடைசியாகப் பார்த்ததும் நான் பார்த்த அதே நாள், அதே துறையடியில்தான்.

வீட்டுக்குப் போகும் வழியில், இரண்டு பக்கமும் கல்மதில் உள்ள ஒழுங்கையில், ஒருவரும் இல்லாத இடம் பார்த்துக் கேட்டேன்.

"மாமி, உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"படம் அனுப்பினவன்."

"ஆருக்கு?"

"புங்குடுதீவுக்கு. தங்கச்சி வீட்டு விலாசத்துக்கு." கொஞ்ச தூரம் நடந்தார். "அவன் அங்கை ஒருத்தியோடை இருக்கிறான், பிள்ளை. ஒரு பெட்டைக்குஞ்சும் பிறந்திட்டுது."

காற்று காதை அடைத்தது. நான் அழுவேன் என்று எதிர்பார்த்தேன். அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

"எத்தினை வரியமாத் தெரியும்?"

"மூண்டு."

"ஏன் மாமி எனக்குச் சொல்லேல்லை? நான் என்ன பாவம் செய்தனான்?"

மாமி நின்றார். மதிலில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, முதல் தடவையாக என் முகத்தை நேரே பார்த்தார்.

"சொன்னால் நீ சுருவிலுக்குப் போயிடுவாய். பிறகு எனக்கு ஆர் இருக்கினம்?"

நாங்கள் இரண்டு பேரும் ஒரே ஆளுக்காகக் காத்திருக்கிறோம் என்று அத்தனை நாளும் நம்பியிருந்தேன். மாமி அவருக்காகக் காத்திருக்கவே இல்லை. என்னை வைத்திருப்பதற்காக வாயைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறார். ஏதாவது கதைத்தால் எங்கே வாய் தவறிவிடுமோ என்ற பயத்தில்தான் அந்த வீட்டில் அப்படி ஒரு மௌனம் இருந்தது. பக்கத்து அறையில் என்னைப் போலவே ஒருத்தி தனியாக இருந்ததை நான் கண்டுகொள்ளவில்லை. இது விளங்கியும் எனக்குக் கோபம் ஆறவில்லை. அன்று எனக்கு முப்பது வயது. மூன்று வருடத்தை ஒருவர் என்னிடம் கேட்காமல் எடுத்துவிட்டார்.

மூன்றாம் நாள் சுருவிலுக்குப் போகக் குறிகட்டுவான் படகில் நான் புறப்பட்டேன். மாமி மறிக்கவில்லை. என் பெட்டியின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டு துறையடி வரை வந்தார். படகுக்காரர் கயிற்றை அவிழ்க்கும்போது, "போய்ச் சேர்ந்தோடனை ஒரு கடிதம் போடு, பிள்ளை," என்றார்.

"ஓம் மாமி" என்றேன்.

நான் ஒரு கடிதமும் போடவில்லை.